கர்ப்பிணி ஆசிரியர்களுக்கு நிலையான பாதுகாப்பு விதி வேண்டும்

கரோனா பெருந்தொற்றின் முதல் அலை தணியாதிருந்த 2020 செப்டம்பர் 8 அன்று, பள்ளிகளைப் பகுதியளவில் திறப்பதற்கென மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், பின்னாளில் எவரும் நினைவுகூராத ஒரு பத்தி இருந்தது. முதியோர், நாள்பட்ட நோயுள்ளோர் ஆகியோருடன் கருவுற்ற பணியாளர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும் என்றும், மாணவர்களோடு நேரடித் தொடர்பு ஏற்படும் முன்வரிசைப் பணிகளில் அவர்களை இயன்றவரை ஈடுபடுத்தக் கூடாது என்றும் அப்பத்தி கூறியது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தன. தமிழ்நாட்டில் அடுத்த மாதமே 500 ரூபாய் அபராதத்துடன் திரும்பி வந்த முகக்கவச விதியும் காலப்போக்கில் வழக்கொழிந்தது. அவற்றோடு சேர்ந்து, கருவுற்ற ஆசிரியருக்கு அந்த ஒரே பத்தி அளித்திருந்த காப்பும் சத்தமின்றி மறைந்துவிட்டது. அவசரகாலம் முடிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், கருவுற்ற பெண்ணின் உடலுக்கு வகுப்பறைத் தொற்றினால் வரும் ஆபத்து அவசரகாலத்தில் மட்டுமே உண்டாவதன்று என்பதால், அந்தக் காப்பை அவசரகாலத்தோடு முடித்துக்கொண்டது பிழையான முடிவாகும்.

இந்தக் கவலை மிகையானதன்று. மும்பை நாயர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கரோனா தொற்றுள்ள கர்ப்பிணிகள், புதிதாய்ப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஆகியோரைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் திரட்டிய தரவுகள், முதல் அலையில் 0.7 விழுக்காடாக இருந்த இறப்பு இரண்டாம் அலையில் 5.7 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டின. கருவுற்ற காலத்தில் நோய் எதிர்ப்பு ஆற்றலின் இயக்கம் மாறுகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை, அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள தசைத் தடுப்பை, மேல்நோக்கித் தள்ளுவதால் நுரையீரல் விரிவதற்கான இடம் குறைகிறது. உடலின் உயிர்வளித் தேவையோ கூடுகிறது. ஆகவே, மற்றவர்க்குச் சில நாள் காய்ச்சலோடு போய்விடும் ஒரு சுவாசத் தொற்று கர்ப்பிணிக்கு மூச்சுத் திணறலாகவும் குறைப்பிரசவமாகவும் முற்றக்கூடும். கரோனா தடுப்பூசியைக் கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம் என மத்திய அரசு அனுமதித்தது 2021 ஜூலை 2 அன்றுதான். அதற்குள் இரண்டாம் அலை தன் கொடுமையைக் காட்டி முடித்திருந்தது. அந்த அலையின் நடுவே உத்தரப் பிரதேசத்தில் ஊராட்சித் தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்ட ஆசிரியர்களுள் கருவுற்றிருந்தவர்களும் இருந்தனர். தேர்தல் பணியை ஒட்டி 1,621 ஆசிரியர்களும் பணியாளர்களும் இறந்தனர் என்று அங்குள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் பட்டியலிட்டபோது, மூவர் மட்டுமே இறந்தனர் என்று சொன்ன அரசு, பின்னர் தன் அளவுகோலை மாற்றி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்க நேர்ந்தது. எழுதப்பட்ட நெறிமுறை இருந்தும் பணியாணை அதைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1 அன்றும் பள்ளிகள் திறக்கப்பட்டன. வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சளி, காய்ச்சல் பெருகும் வேளையில்தான் மிகச் சிறிய குழந்தைகள் வகுப்பறைக்குத் திரும்பினர் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று முகக்கவசம் கட்டாயமாக இருந்தது. இன்று அது இல்லை. ஆனால் மழைக்காலம் ஆண்டுதோறும் வருகிறது, சாரலுக்கு அஞ்சிச் சன்னல்கள் சாத்தப்படுகின்றன, ஒரு குழந்தைக்கு வந்த காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் வகுப்பு முழுவதையும் சுற்றிவருகிறது. 2023 மார்ச்சில் இன்ஃப்ளூயன்சா வைரசின் எச்3என்2 வகை பரவியபோது, புதுச்சேரி அரசு பள்ளிகளுக்கே விடுமுறை விட நேர்ந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இச்சிக்கலுக்கு ஒரு தனி முகம் உண்டு. மணமேல்குடி, ஆவுடையார்கோவில் கடற்கரைச் சிற்றூர்களிலும், விராலிமலை, பொன்னமராவதிப் பக்கத்துக் குக்கிராமங்களிலும் உள்ள தொடக்கப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோலே அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது. அத்தகைய பள்ளியில் கருவுற்றிருக்கும் ஆசிரியர் ஒருவர் விடுப்பெடுத்தால், ஐந்து வகுப்புகளும் மற்றவர் தலையில் விழும். அவர் தலைமை ஆசிரியராகவும் இருந்துவிட்டால் கூட்டம், பதிவேடு, எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் இணையதளத்தில் பதிவேற்றம் என அவருக்கும் வெளிவேலை நிற்காது. இந்த நெருக்கடியை அறிந்த ஆசிரியர், உடன் பணிபுரிபவருக்குச் சுமையாகக் கூடாது என்ற எண்ணத்தாலேயே காய்ச்சல் கண்ட குழந்தைகளின் நடுவிலும் பள்ளிக்கு வருகிறார். கூலி வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகும் பெற்றோர், பிள்ளைக்கு இலேசாகச் சுடுகிறது என்பதற்காக ஒரு நாள் கூலியை விட முடியாமல், மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதும் இங்கே அன்றாட நடப்பு. அதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி முதல் மூன்று வகுப்புகளின் ஆசிரியர் கரும்பலகைக்கு அருகில் நின்று பாடம் நடத்துவதோடு முடித்துக்கொள்வதில்லை: குழந்தைகள் நடுவே தரையில் அமர்ந்து, பாடலையும் கதையையும் உரக்கச் சொல்லிக்கொடுத்து, சொற்களை அவர்கள் வாயசைவைப் பார்த்துத் திருத்துகிறார், மூக்கு ஒழுகும் பிள்ளைக்குத் துடைத்துவிடுவதும் அவர்தான். கற்பித்தல் முறையாக இது போற்றத்தக்கது. தொற்றின் நோக்கில் பார்த்தாலோ, ஒரு கர்ப்பிணி இருக்க நேரும் மிக நெருக்கமான இடம் இதுவே.

கரோனாவை மட்டும் வைத்து இதைப் பேசுவதும் போதாது. ரூபெல்லா எனப்படும் ஜெர்மன் அம்மை, பெரும்பாலும் குழந்தைகளுக்கு வந்து தடமின்றி ஆறிவிடும் நோயாயினும், கருத்தரித்த தொடக்க வாரங்களில் தாயைத் தொற்றினால் சிசுவுக்குப் பரவும் வாய்ப்பு 90 விழுக்காடு வரை உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிப் பரவினால் செவித்திறன் இழப்பு, கண்புரை, இதயக் குறைபாடு ஆகியவற்றோடு குழந்தை பிறக்கலாம். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கே நடத்தப்பட்டது என்பதால், இன்று முப்பது வயதில் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் அந்த வயது வரம்பைத் தாண்டியிருந்தவர். சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இன்றுவரை இடமில்லை. இவற்றுக்கான தடுப்பூசிகள் உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமிகளால் ஆனவை. ஆதலால் கருவுற்ற பின் அவற்றைப் போட இயலாது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கேதான், கேட்பவர்க்கு மட்டும் சலுகை என்னும் ஏற்பாடு பயனற்றுப் போகிறது. ஆபத்து மிகுந்த முதல் மூன்று மாதங்களில் கருவுற்ற செய்தியை வெளியில் சொல்லாதிருப்பது நம் குடும்பங்களின் வழக்கம். கரு நிலைக்குமோ நிலைக்காதோ என்ற அச்சம் அதற்குக் காரணம். தலைமை ஆசிரியரிடம் செய்தியைச் சொல்லி, மருத்துவச் சான்று கொடுத்து, அதன்மேல் ஆணை வந்து காப்பு தொடங்குவதென்றால், காக்க வேண்டிய காலம் அதற்குள் கடந்துவிடும். எனவே, கோரிக்கையின்றியே எல்லா வகுப்பறைகளிலும் நடைமுறையில் இருக்கும் சில ஏற்பாடுகளும், கோரியவுடன் கிடைக்கும் சில ஏற்பாடுகளும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

அரசு அளிக்கும் மகப்பேறு விடுப்பே இதற்கு விடையென்று சிலர் கருதுகின்றனர். 2021 ஜூலை 1 முதல் அரசு ஊழியர்களுக்கு அந்த விடுப்பை ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாகத் தமிழ்நாடு அரசு உயர்த்தியது இந்தியாவில் பிற மாநிலங்கள் பின்பற்றத்தக்க செயல் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், பிள்ளையோடு இருக்க ஒவ்வொரு நாளும் வேண்டும் என்பதற்காக, நிறைமாதம் வரை பணிக்கு வந்து விடுப்பைச் சேமித்து வைப்பதே ஆசிரியர்களின் வழக்கமாக இருக்கிறது. அதாவது, விடுப்பு எவ்வளவு நீண்டாலும் அது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின்னரே செலவாகிறது. தவிர, அது எல்லார்க்கும் உரியதும் அன்று. 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 7,500 ரூபாய் முதல் 12,000 ரூபாய் வரை மாதத் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட தற்காலிக ஆசிரியர்களும், தனியார் மழலையர் பள்ளிகளில் அதனினும் குறைந்த ஊதியத்துக்குப் பணிபுரியும் பெண்களும், ஒரு வாரம் வராவிட்டால் இடம் போய்விடுமோ என்ற நிலையில் இருப்பவர்கள். நாள்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று தில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. தனியார் கல்வி நிறுவன ஆசிரியர்களை மகப்பேறு நலச் சட்டத்தின் கீழ் வெளிப்படையாகக் கொண்டுவரக் கேரள அரசு 2020 மார்ச்சில் நடவடிக்கை எடுத்தது. அதே தெளிவோடு தமிழ்நாடும் பேச வேண்டும்.

விடுப்பு விடையாகாதெனில் முகக்கவசம் விடையாகுமா என்ற கேள்வி எழும். அதை எதிர்ப்போரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் குழந்தை, ஆசிரியரின் உதட்டசைவைப் பார்த்தே ஒலியைக் கற்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைக்கு அந்த அசைவே மொழி. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே அறிவுறுத்தின. அறுநூறு சிற்றூர்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைக் கொண்டு வங்கதேசத்தில் நடந்த பேராய்வு, அறுவை மருத்துவ முகக்கவசம் அணியத் தூண்டப்பட்ட ஊர்களில் அறிகுறியுள்ள கரோனா தொற்று ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. முகக்கவசம் பயன்தரும், ஆனால் அது மட்டுமே போதாது என்பதே அதன் செய்தி. ஆகவே, ஆண்டு முழுதும் எல்லாக் குழந்தைகளுக்கும் முகக்கவசம் என்று கோருவது இத்தலையங்கத்தின் நோக்கமன்று. அதே வேளையில், வேண்டுமென்றால் ஆசிரியர் மட்டும் அணிந்துகொள்ளட்டும் என்று ஒதுங்கிவிடுவதும் ஏற்கத்தக்கதல்ல. எட்டாம் மாதத்தில் படியேறினாலே மூச்சு வாங்கும் ஒரு பெண், புதுக்கோட்டை வெயிலில், இறுக்கமான என்95 கவசத்துடன் நாள் முழுதும் உரக்கப் பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பொதுப் பொறுப்பு முழுவதையும் அதைச் சுமக்க இயலாதவர் மீதே ஏற்றுவதாகும்.

நலிந்தவரைக் காக்கும் பொறுப்பு எல்லாருக்கும் உரியது என்பதை அரசு வேறோர் இடத்தில் உணர்ந்து செயல்பட்டிருக்கிறது. தொற்று மீண்டும் கூடிய 2023 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. நலிந்தோர் கூடும் இடம் என்பதே அதற்குக் காரணம். அந்நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்குச் சென்ற கர்ப்பிணி ஆசிரியர், அங்கே எல்லாரும் முகக்கவசம் அணிந்திருக்க அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, எவரும் அணியாத நாற்பது குழந்தைகளின் அறைக்குத் திரும்பினார். முன்னதில் நோயாளி என்றும் பின்னதில் ஊழியர் என்றும் அவர் பெயர் மாறியதே தவிர, அவர் வயிற்றில் இருந்த கரு மாறவில்லை.

நெடுநேரம் நிற்கும் வேலையையும் கருவைப் பாதிக்கக்கூடிய வேலையையும், பிரசவத்துக்கு முந்தைய குறிப்பிட்ட காலத்தில், கோரும் பெண்ணுக்குத் தரக் கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே விதித்தது. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, கருவுற்ற ஊழியருக்கான ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடும் கடமையை முதலாளி மீது சுமத்துகின்றன. பணியை மாற்றியும் ஆபத்தை நீக்க முடியாவிட்டால் ஊதியத்துடன் விடுவிக்க வேண்டும் என்கின்றன. 2022 ஜனவரி 20 முதல் இங்கிலாந்து வகுப்பறைகளில் முகக்கவசம் தேவையில்லை என்று அரசு அறிவித்தபோதும், இக்கடமை நீங்கவில்லை. முகக்கவச விதி வந்து போகலாம், ஆபத்தை மதிப்பிடும் பொறுப்பு நிலைத்திருக்கும் என்னும் இந்த ஏற்பாடுதான் நமக்கும் வேண்டியது.

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியவை பெருஞ்செலவுடையவை அல்ல. ஆசிரியர் பணியில் சேரும்போதே ரூபெல்லா, சின்னம்மை எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சோதித்து, இல்லாதவர்க்குத் தடுப்பூசி போடலாம். இருமலும் காய்ச்சலும் உள்ள குழந்தை வீட்டில் இருக்கும் நாள்கள் வருகைக் குறையாகக் கருதப்படாது என்று பெற்றோருக்கு எழுத்துப்பூர்வமாக உறுதி சொல்லலாம். வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லாமல் அனுப்பப்படும் குழந்தைக்கு, ஆறு வயதுக்கு மேற்பட்டதாயின், பள்ளியிலேயே ஒரு முகக்கவசம் கொடுத்துச் சன்னலோரம் உட்கார வைக்கலாம். கருவுற்ற ஆசிரியர் கேட்டால், அவருக்கு மேல் வகுப்பையும் ஒரு நாற்காலியையும் காற்றோட்டமான அறையையும் ஒதுக்குவதும், தொற்றுப் பரவும் வாரங்களில் அவ்வகுப்பின் மூத்த மாணவர்களை முகக்கவசம் அணியச் சொல்வதும் தலைமை ஆசிரியரின் விருப்பமாக இல்லாமல் கடமையாக வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது மாற்று ஆசிரியர். ஈராசிரியர் பள்ளியில் இது இல்லாமல் மற்ற எந்த உரிமையும் ஏட்டளவிலேயே நிற்கும். வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களையோ, இதற்கென வட்டாரந்தோறும் அமர்த்தப்படும் இருப்பு ஆசிரியர்களையோ அனுப்பும் ஏற்பாடு இருந்தால்தான், காய்ச்சல் பரவிய வாரத்தில் ஒரு கர்ப்பிணி குற்றவுணர்வின்றி வீட்டில் இருக்க முடியும்.

மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, மருத்துவம் பயின்று, சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் அறுவை மருத்துவப் பயிற்சியாளராகப் பணியாற்றிய முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது புதுக்கோட்டையில். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி வழங்கும் மாநிலத் திட்டம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அவருடைய மண்ணிலேயே இந்த விதியைத் தொடங்கி வைப்பது பொருத்தமாக இருக்கும். மாநில அரசின் ஆணைக்குக் காத்திராமல், புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் மாவட்டச் சுகாதார அலுவலரும் கலந்து, வரும் பருவமழைக்கு முன்பே, நிரந்தரம், தற்காலிகம், தனியார் என்ற பாகுபாடின்றிக் கருவுற்ற ஆசிரியர் அனைவருக்குமான சுற்றறிக்கையை வெளியிட வேண்டும். அதை மாநிலம் முழுமைக்குமான அரசாணையாக்கும் பொறுப்பைப் பள்ளிக் கல்வித் துறை ஏற்க வேண்டும்.