‘லூட்டி’ என்றொரு நாய், ‘லூட்’ என்றொரு சொல்! - செஞ்சிக் கோட்டை சொல்லும் ஆங்கிலப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை செஞ்சி ராஜகிரி கோட்டைக்குப் போனால், பாதி மலை ஏறியதும் மூச்சு வாங்கி நிழலில் உட்கார்ந்துவிடும் இளைஞர் கூட்டத்தைப் பார்க்கலாம். உட்கார்ந்ததும் கைக்கு வருவது தண்ணீர் பாட்டிலா, செல்போனா? பெரும்பாலும் செல்போன்தான். கேம் ஆரம்பித்தால் அடுத்து வரும் வசனமும் நமக்குத் தெரிந்ததே: “மச்சான், அந்த வீட்டை லூட் பண்ணுடா!”

துப்பாக்கிச் சண்டை கேம்களில் காலி வீட்டுக்குள் புகுந்து துப்பாக்கி, தோட்டா, மருந்துப் பெட்டி என்று அகப்பட்டதை அள்ளிக்கொள்வதற்குப் பெயர் ‘லூட்’. ஆன்லைன் ஷாப்பிங் பிரியர்களுக்கோ அடிமாட்டு விலைக்கு ஒரு பொருள் கிடைத்தால் அது ‘லூட் டீல்’.

விளையாட்டாகப் புழங்கும் இந்தச் சொல், உண்மையில் போர்க்களத்தில் வளர்ந்த சொல். அதைச் சொல்லும் இளைஞர்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கோட்டைச் சுவரும் அந்த வினையை நன்றாக அறிந்த சுவர்தான். இந்த வாரம் ‘லூட்’ வந்த வழியைப் பார்ப்போம்.

ஆங்கிலமே இல்லாத ஆங்கிலச் சொல்

‘லூட்’ பிறவியிலேயே ஆங்கிலச் சொல் அல்ல. இந்தி, உருதுவில் கொள்ளையைக் குறிக்கும் ‘லூட்’தான் அப்படியே ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கும் முன்னால் சமஸ்கிருதத்தில், திருட்டுப் பொருளைக் குறிக்கும் ‘லோப்த்ர’ என்ற சொல்லோ, கொள்ளையடிப்பதைக் குறிக்கும் ‘லுண்ட்’ என்ற வேரோ இதற்கு மூலம் என்கிறார்கள் சொல் ஆராய்ச்சியாளர்கள்.

ஆங்கில அச்சில் இது 1788-ல் வெளிவந்த ‘இந்தியன் வொகாபுலரி’ என்ற சொல் தொகுப்பில் இடம்பெற்றது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் பேசிய கலப்பு ஆங்கிலத்துக்கென்றே 1886-ல் ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்று ஓர் அகராதி வந்தது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவரும் அவரே.

‘லூட்’ எப்படி இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த அகராதி காட்டும் வழி மூன்று போர்கள்: 1840-களின் தொடக்கத்தில் நடந்த சீனப் போர், 1850-களின் நடுவில் நடந்த கிரிமியப் போர், 1857-ல் வெடித்த இந்தியக் கிளர்ச்சி. ஊர் திரும்பிய சிப்பாய்கள் பொருள்களோடு சொல்லையும் சேர்த்தே கொண்டு போனார்கள்.

தமிழிலிருந்தும் ஆங்கிலம் சொற்களை எடுத்துக்கொண்டிருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் அங்கே போயின. அவை துறைமுகத்திலும் சமையலறையிலும் கற்றவை. ‘லூட்’ மட்டும் முகாமில் கற்றது.

ராணி வீட்டு ‘லூட்டி’

1860-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சீனாவின் பீக்கிங் நகரை ஒட்டியிருந்த கோடைக்கால அரண்மனைக்குள் புகுந்து சூறையாடின. பட்டு, பீங்கான், தங்கம் எல்லாம் போயிற்று. அங்கே கிடைத்த குட்டி நாய்களில் ஒன்றை ஒரு ராணுவ அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து விக்டோரியா ராணிக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த நாய்க்கு வைக்கப்பட்ட பெயர் ‘லூட்டி’!

பெயரில் கூச்சமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எப்படிக் கிடைத்தது என்பதே பெயராகிவிட்டது. ஓவியரை அழைத்து அந்த நாயைப் படமும் வரையச் செய்தார்கள். ‘லூட்’ என்ற சொல் அரண்மனைக் கம்பளத்தில் வாலாட்டும் அளவுக்குச் செல்லமாகிவிட்டது.

செஞ்சியில் அப்போது என்ன சொன்னார்கள்?

செஞ்சிக் கோட்டை கை மாறிய வரிசையைப் பாருங்கள். நாயக்கர்களிடமிருந்து 1649-ல் பீஜப்பூர் சுல்தான் படை. 1677-ல் சத்ரபதி சிவாஜி. சுமார் எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-ல் முகலாயர். 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் மாண்டார், இன்றும் நாட்டுப்புறக் கதைப்பாடலில் வாழும் ராஜா தேசிங்கு. 1750 செப்டம்பரில் ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. 1761-ல் ஆங்கிலேயர்.

ஆங்கிலேயர் செஞ்சியைப் பிடித்தபோது, ‘லூட்’ அச்சேற இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன. அன்றைக்கு ஆங்கில எழுத்தில் இந்த வேலைக்குப் புழங்கிய சொற்களில் ஒன்று ‘ப்ளண்டர்’. அதுவும் இரவல்தான். ஜெர்மன் நிலத்தில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்களோடு ஆங்கிலத்துக்கு வந்தது.

இன்னொன்றும் உண்டு. ‘ராப்’ என்றால் பறித்தல். நீண்ட அங்கியைக் குறிக்கும் ‘ரோப்’ என்ற சொல்லும் அதற்கு உறவு. தோற்றவனிடமிருந்து பறித்த உடை என்பதே அதன் பழைய பொருள். நீதிபதியின் அங்கிக்கும் பழைய பறிப்புக்கும் ஒரே வேர் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

எங்கே எதைச் சொல்வது?

இனி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கும் உதவும் பகுதி.

*ஸ்டீல்:* யாருக்கும் தெரியாமல் எடுப்பது. எடுத்த பொருளைச் சொல்ல வேண்டும். ‘ஹி ஸ்டோல் மை பர்ஸ்’ சரி. பர்ஸைத் திருடினான்.

*ராப்:* மிரட்டியோ அடித்தோ பறிப்பது. இங்கே யாரிடம், எங்கே என்பதைச் சொல்ல வேண்டும். ‘ஹி ராப்ட் மீ’, ‘தே ராப்ட் த பேங்க்’ சரி. ‘ஹி ராப்ட் மை பர்ஸ்’ என்று நம்மில் பலர் எழுதுவது தவறு. ‘ஹி ராப்ட் மீ ஆஃப் மை பர்ஸ்’ என்றே வர வேண்டும்.

*லூட்:* போர், கலவரம், வெள்ளம், நிலநடுக்கம் என்று ஊரின் ஒழுங்கு குலைந்திருக்கும் நேரத்தில் புகுந்து அள்ளுவது. இடத்தையும் சொல்லலாம், பொருளையும் சொல்லலாம். ‘தே லூட்டட் த ஷாப்’, ‘தே லூட்டட் த கோல்ட்’ இரண்டும் சரி. செய்பவர் ‘லூட்டர்’. பறிபோன பொருள் ‘லூட்’.

ஆகவே, பூட்டிய வீட்டில் ஒருவன் நகையை எடுத்துக்கொண்டு போனால் ஆங்கிலத்தில் அது ‘லூட்’ ஆகாது. சட்டத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது ‘டெகாய்ட்டி’, அதாவது கூட்டுக்கொள்ளை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 310-வது பிரிவு. ‘டெகாய்ட்’ என்பதும் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்தான்.

சிப்பாய் எடுத்தால் லூட்... கமிட்டி எடுத்தால்?

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் இறந்தார். அன்று இரவு சிப்பாய்கள் நகருக்குள் புகுந்து கைக்கு வந்ததை எல்லாம் அள்ளினார்கள். அடுத்த நாள் ஒழுங்கை நிலைநாட்டப் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, கசையடியும் தூக்குத் தண்டனையும் கொடுத்துத்தான் அதை நிறுத்தினார்.

நிறுத்தியது எதை? சிப்பாய்கள் தன்னிச்சையாக எடுத்ததை மட்டும். அரண்மனையில் இருந்த செல்வத்தை முறைப்படி கணக்கெடுக்க ஒரு கமிட்டி உட்கார்ந்தது. பதவிக்கு ஏற்றபடி தளபதி முதல் சிப்பாய் வரை பங்கு பிரித்தார்கள். திப்புவின் சிம்மாசனம்கூடப் பங்குக்காக உடைக்கப்பட்டது. வெள்ளைக்காரரைப் புலி கடிப்பது போன்ற திப்புவின் மரப்பொம்மை இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

இப்படிப் பிரித்ததற்குப் பெயர் ‘லூட்’ அல்ல, ‘ப்ரைஸ்’. பள்ளி ஆண்டு விழாவில் வாங்கும் ப்ரைஸ் நினைவுக்கு வரும். ஆனால் போர்க்களத்து ‘ப்ரைஸ்’, ‘பிடித்து எடுத்தல்’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதைதான். நெய் ஒன்றுதான். கரண்டி யார் கையில் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறிவிட்டது.

தமிழ் என்ன செய்தது?

நம் ‘கொள்ளை’க்கு வேர் ‘கொள்’. எடுத்துக்கொள் என்பதில் இருக்கும் அதே கொள். ஆனால் தமிழ் அந்தச் சொல்லைத் திருடனிடம் மட்டும் விட்டுவைக்கவில்லை. குழந்தை கொள்ளை அழகு என்கிறோம். பேத்தி மேல் தாத்தாவுக்குக் கொள்ளைப் பிரியம். ஊரையே வாரிக்கொண்டு போவதால் கொள்ளைநோய். காய்கறி விலையைக் கேட்டால் பகல் கொள்ளை.

‘சூறை’யும் அப்படித்தான். சூறைக்காற்று போல வந்து வாரிக்கொண்டு போனால் சூறையாடுதல். ஆனால் பிள்ளையார் முன்னால் உடைத்தால் சூறைத்தேங்காய். ஓடிப் பொறுக்கும் பிள்ளைகளை யாரும் கொள்ளைக்காரர் என்பதில்லை.

அந்த வடநாட்டு ‘லூட்’ தமிழுக்கும் வந்தது. எப்படித் தெரியுமா? ‘லூட்டி’ என்று. “பசங்க சேர்ந்தா ஒரே லூட்டிதான்” என்று அம்மா சலித்துக்கொள்ளும் அதே லூட்டி. லண்டனில் ராணியின் நாய்க்குப் பெயரான சொல், நம் வீட்டில் பேரப்பிள்ளைகளின் அட்டகாசத்துக்குப் பெயராகிவிட்டது.

தமிழில் இன்னொரு விசேஷம் உண்டு. செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலையைத் தாண்டினால் செங்கம். அந்த வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ‘தொறு’ என்றால் மாட்டு மந்தை. தொறுவைக் கவர்ந்துபோன சண்டைகளும், அதை மீட்கப் போராடி உயிர்விட்ட வீரர்களும் அந்தக் கற்களில் இருக்கிறார்கள். மாட்டைக் கவர்வதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை என்று பழைய இலக்கணம் தனித்தனியே பெயர் வைத்தது. எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் இருப்பது போலவே, திரும்பக் கொண்டுவருவதற்கும் ஒரு பெயர்.

எட்டுத் தூண்கள், ஒரு வினைச்சொல்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை முன்னால் செல்ஃபி எடுக்காதவர் குறைவு. சிலையைச் சுற்றி, வேலைப்பாடு மிகுந்த எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கல். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் இருக்கும் வேங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு எடுத்துச் சென்றதாகவே செஞ்சி வரலாறு சொல்கிறது.

சுற்றுலாக் குறிப்புகளைத் தேடிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே சொல்தான் வரும்: ‘கொண்டுவரப்பட்டன’. ஆங்கிலத்தில் ‘ப்ராட்’. கடையிலிருந்து பால் பாக்கெட் கொண்டுவரப்பட்டது போல. யார் கொண்டுவந்தார்கள், யாரிடம் கேட்டார்கள் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. செயப்பாட்டு வினைக்கு இந்த வசதி உண்டு. செய்தவரை வாக்கியத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடலாம்.

சொல் மாறினால் என்ன ஆகும்? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜர் சிலையை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அதுவரை அது ‘வாங்கப்பட்ட’ சிலை. திருட்டுச் சிலை என்பது வெளியே வந்த பிறகு அந்த வினை செல்லவில்லை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லி வந்து சிலையை ஒப்படைத்தார். பெயர் சரியாக வைக்கப்பட்டால்தான் ‘மீட்பு’ என்ற அடுத்த வினைக்கு வழி பிறக்கிறது.

தூண்களைப் பெயர்த்து எடுத்துவர வேண்டும் என்பதல்ல விஷயம். இன்று அவை காந்திக்குக் காவல் நிற்கின்றன, புதுச்சேரியின் முகமாகவும் ஆகிவிட்டன. ஆனால் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, அந்தத் தூண்கள் நின்றிருந்த கோயிலும் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இனி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கான தகவல் பலகையில் எந்த வினைச்சொல் எழுதப்படும் என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த முறை புதுச்சேரி போனால், செல்ஃபி எடுத்த பிறகு ஒரு நிமிடம் அந்தத் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். கூடவே இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது கொண்டுவந்ததா, எடுத்ததா, லூட் பண்ணதா?”

கேமில் லூட் பண்ணத் தெரிந்த பிள்ளைகளுக்கு விடை சொல்லத் தெரியாமலா போகும்?