ஓரியின் அம்பும் ஆழ்கடல் ஏவுகணையும்

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறுகிறோம். அங்கே ஆடித் திங்கள்தோறும் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்தியவன் அவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடினார். வேட்டையாடிய மானின் இறைச்சியைப் பாணருக்கு அவன் அளித்ததையும் அப்பாடல் சொல்கிறது. ஓரி இலக்கைக் கண்டு எய்தான். வீழ்ந்ததைக் கொண்டு பசி தீர்த்தான்.

இன்று நம் நாடு ஏந்தியிருப்பதோ வேறு வில். அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல்களான அரிஹந்த் 2016இலும் அரிகாட் 2024இலும் கடற்படையில் சேர்ந்தன. ஆழத்தில் மறைந்திருக்கும் கப்பலின் குழாயிலிருந்து வாயு அழுத்தம் ஏவுகணையை மேலே தள்ளுகிறது. நீர்ப்பரப்பைக் கிழித்து வெளிவந்த பின்னரே அதன் முதன்மை எஞ்சின் எரிகிறது. எரிபொருள் தீர்ந்ததும், எறிந்த கல்லைப் போல வளைந்து சென்று விழுகிறது. 2024 நவம்பரில் அரிகாட்டிலிருந்து சோதிக்கப்பட்ட கே-4 ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் செல்ல வல்லது. ஏவுகிறவர் இலக்கைக் காண்பதில்லை; ஏவியதைத் திரும்ப அழைக்கவும் வழியில்லை.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. நீருக்கடியில் உள்ள கப்பல்களுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் ஆணை அனுப்பும் கடற்படை நிலையம், 1990 முதல் நெல்லை மாவட்டத்து விஜயநாராயணத்தில் இயங்குகிறது.

“இந்தியா முதலில் அணுகுண்டை வீசாது, கடலில் மறைந்திருக்கும் பதிலடியே பகைவனைத் தடுக்கிறது” என்பர். இவ்வாதத்தை நாம் எளிதாக ஒதுக்கவில்லை. ஆயினும் அந்தப் பதிலடி நம்மவர் மாண்ட பின்னர் நிகழ்வது. அதனால் ஓர் உயிரும் மீளாது. போரை முடிவு செய்யாத குழந்தைகளே அதில் வேகுவர். நகரங்களை முழுமையாக அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தீர்க்கமாகக் கூறியது.

1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அச்சுறுத்தித் தடுக்கும் முறையைப் படிப்படியான ஆயுதக் குறைப்பின் ஒரு கட்டமாக மட்டுமே ஏற்கலாம் என்றார். அந்தப் படிகளில் உலகம் இறங்கியதா? வல்லரசுகளும் இறங்கி முடிக்கவில்லை, நாமோ ஏறிக்கொண்டிருக்கிறோம். எனவேதான் 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஹிரோஷிமாவில் நின்று, அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதும் அறநெறிக்கு மாறானது என்றார்.

ஞாயிறு திருப்பலியில் அமைதிக்காக மன்றாடுகிறோம். திங்களன்று ஏவுகணைச் சோதனைச் செய்தி கண்டு கைதட்டுகிறோம். இரண்டும் ஒரே உள்ளத்தில் தங்க இயலுமா? நாட்டை நேசிப்பது கடமை. நாட்டின் பெயரால் நகரங்களை எரிக்க இசைவது கடமையாகாது. இதைப் பங்குப் பேரவைகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் வாய்திறந்து சொல்லாதவரை, நம் மன்றாட்டு உதட்டளவிலேயே நிற்கும்.