டேர்போ போகவில்லை, ரியூப்தான் போனது



கொஞ்சம் நீளமான பதிவு. வான், பிக்கப் வைத்திருப்பவர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வானில் அனுப்புகிறவர்களும் கடைசிவரை வாசியுங்கள்.

மானிப்பாயிலிருந்து காரைநகர்ப் பக்கம் படிப்பிக்கப் போகும் நாங்கள் நாலு ஆசிரியர்கள் ஒரே வானில்தான் போய் வருகிறோம். எங்களோடு சில பிள்ளைகளும் வருவார்கள். பழைய டவுன் ஏஸ், 2சீ-டீ டேர்போ டீசல் எஞ்சின். சில மாதங்களுக்கு முன் வான் அண்ணை அதற்கு ஒரு பூஸ்ட் மீற்றர் பூட்டுவித்தார். இரவில் நீல வெளிச்சம். பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம்.

இரண்டு கிழமை போனது. பொன்னாலைப் பாலத்தில் சோளகக் காற்று எதிர்த்து அடிக்கும்போது வான் இழுக்கவில்லை. முன்பு அரை பார் வரை ஏறிய ஊசி 0.2ஐத் தாண்டவில்லை. கராஜில் ஊசியைப் பார்த்ததுமே, "டேர்போ போச்சுது, மாத்த வேணும்" என்றார்கள். சொன்ன விலை எங்கள் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. "மனிசியின்ர சங்கிலியை அடகு வைக்கத்தான் வேணும் சேர்" என்றார் அண்ணை. வான் காசும் கூடியிருக்கும்.

நாங்கள் ஒன்றுதான் கேட்டோம்: "அண்ணை, புகை வருதோ?" இல்லை என்றார். அங்கேதான் விடை இருந்தது.

டேர்போ செய்வது இதுதான். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சில்லுச் சுழல, அதே தண்டிலுள்ள மற்றச் சில்லு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. கூடக் காற்று வந்தால் கூட டீசலும் வேண்டும். அதற்காக இந்தப் பழைய எஞ்சின்களில் டீசல் பம்பின் மேல் ஒரு ரப்பர் டயபிரம் இருக்கும். மனிபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் அதற்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுபோகும். அழுத்தம் வந்தால்தான் பம்ப் கூட டீசல் விடும்.

மீற்றர் பூட்டியவர் அந்த ஹோஸை வெட்டி, ஒரு டீ-ஜொயின்ற் போட்டு, சலைன் ரியூப்பைச் சொருகியிருந்தார். கிளிப் இல்லை. எஞ்சின் சூட்டில் ரியூப் இளகிக் காற்றை விட்டது. ஊசிக்கும் அழுத்தம் போகவில்லை, பம்புக்கும் போகவில்லை. டீசல் குறைந்ததால் இழுவை போனது, புகையும் வரவில்லை. டேர்போவிலிருந்து வரும் பெரிய ஹோஸ் வெடித்திருந்தால் பெரும்பாலும் கரும்புகை தள்ளியிருக்கும். டேர்போவின் சீல் போயிருந்தால் ஒயில் எரிந்து நீலப் புகை வந்திருக்கும். நல்ல ஹோஸும் நாலு கிளிப்பும் வாங்கினோம். சில நூறு ரூபாவோடு வான் பழையபடி இழுத்தது.

"அப்ப மீற்றரே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் எங்களைச் சுமந்தவை இந்தப் பழைய வான்கள்தான். 2022இல் கியூஆர் கோட்டோடு டீசலுக்கு வரிசையில் நின்றதையும் மறக்கவில்லை. எஞ்சின் களைப்பதை முதலிலேயே காட்டும் மீற்றர் நல்ல பொருள்தான். ஒழுங்காகப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டுகிறவர்களுக்கு:

முதலில் உங்கள் வானில் டேர்போ இருக்கிறதா என்று பாருங்கள். 3எல், 5எல் எஞ்சின் ஹையேஸ்களில் டேர்போ இல்லை. அவற்றில் ஊசி பூச்சியத்துக்கு மேலே ஏறவே ஏறாது.

காற்றை டேர்போவுக்குப் பிறகு, மனிபோல்ட் பக்கத்தில் எடுக்க வேண்டும். எயார் பில்டர் பக்கத்தில் எடுத்தால் பூஸ்ட் காட்டாது. சூடும் அழுத்தமும் தாங்கும் ஹோஸ், ஒவ்வொரு முனைக்கும் கிளிப், தகட்டுத் துவாரத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். டேர்போவின் சூடான பக்கத்தில் ஹோஸ் படக்கூடாது. வயர் வேலைக்கு முன் பற்றரியைக் கழற்றுங்கள். மின் இணைப்பைச் சாவி போட்டால் மட்டும் வரும் லைனில், சிறிய பியூஸோடு எடுங்கள்.

பிழை தேடும்போது மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஊசி அசையவில்லையா, ஹோஸ் கழன்றோ மடிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் பூச்சியத்துக்கு வரவில்லையா, மீற்றரே பிழை. குறைவாகக் காட்டுகிறதா, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, மெதுவாகக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வேறொரு நல்ல மீற்றரோடு ஒப்பிடுங்கள். டேர்போவின் விலையைக் கேட்பது கடைசி வேலை.

எல்லாவற்றையும் விட முக்கியம்: வான் நல்ல சுகமாக இருக்கும் நாளில், ஒரே வீதியில், ஒரே கியரில், ஊசி எவ்வளவு ஏறுகிறது என்று கொப்பியில் எழுதி வையுங்கள். சுகமான நாளின் கணக்குத் தெரியாதவனுக்கு வருத்தத்தின் கணக்கு விளங்காது. அந்தச் சோதனையைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், பக்கத்தில் ஒருவரை இருத்திச் செய்யுங்கள். ஊசியை ஏற்றிக் காட்டுவதற்காகப் பள்ளிக்கூட வானை மிதிக்கிறவர்களையும் கண்டிருக்கிறோம். மற்றவர்களின் பிள்ளைகள் எங்கள் கையில் தந்த அமானிதம்.

கராஜ் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் கைதேர்ந்தவர்கள். ஆனால் "போச்சுது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். எங்கே சோதித்தீர்கள், எவ்வளவு காட்டியது என்று பில்லில் எழுதுங்கள், கழற்றிய சாமானைத் திருப்பிக் கொடுங்கள். டொக்டர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்த ஊர் இது. ஒரு ஹோஸில் காற்றுப் போவதைத் தமிழில் விளங்கப்படுத்துவது எங்களுக்குக் கஷ்டமா?

வான் அண்ணையின் மனிசியின் சங்கிலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வானிலும் மீற்றர் இருந்தால், நாளைக்குக் காலையில் எஞ்சின் சூடாக முன் பொனற்றைத் திறந்து அந்த ரியூப்பை ஒருக்கால் தொட்டுப் பாருங்கள்.