சிறுபட்டினத்து மன்றமும் நம்மவர்களும்

ஒரு சிறுபட்டினத்தின் பாடசாலையை மூடுவதா, தொடர்ந்து நடத்துவதா என்பதை ஒஸ்லோவிலுள்ள அமைச்சர் தீர்மானிப்பதில்லை. முதியோர் இல்லத்தில் எத்தனை கட்டில்கள் இருக்க வேண்டும், பனிக்காலத்தில் எந்த வீதியை முதலில் துப்புரவு செய்ய வேண்டும், நூலகம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்க வேண்டும் என்பனவும் அவ்வாறே. நோர்வேயில் இவையனைத்தும் 'கொம்மூன' எனப்படும் உள்ளூராட்சி மன்றத்தின் கைகளில் உள்ளன. நம்மவர்களிற் பலர் இந்நாட்டுக் கட்சிகளின் பெயர்களையும் தலைவர்களின் பெயர்களையும் தவறாது ஒப்புவிப்பார்கள். தாம் வாழும் ஊரின் மன்றத்தில் அமர்ந்திருப்போர் எவரெனக் கேட்டால் மௌனமே விடையாகக் கிடைக்கின்றது. இவ்வாரம் அம்மௌனத்தைப் பற்றியே எழுத விழைகின்றோம்.

உதாரணத்துக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நோர்வேயின் வடகிழக்கு மூலையில், பேரன்ட்ஸ் கடலோரத்துத் தீவொன்றில் வார்டோ என்ற பட்டினம் உள்ளது. இஸ்தான்புல் நகரத்துக்கும் கிழக்கே அமைந்தது என்றால் அதன் தொலைவு வாசகர்களுக்கு விளங்கும். 1789ஆம் ஆண்டில் ஹமர்பெஸ்டுடன் சேர்ந்து நகர அந்தஸ்துப் பெற்ற பழைய ஊர். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு இலக்காகிப் பெரும்பகுதி அழிந்து, மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. 1982இல் கடலுக்கடியில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான சுரங்கவீதி திறக்கப்படும்வரை பெருநிலத்துடன் வீதித் தொடர்பே இருக்கவில்லை. இந்நாட்டில் கடலடியில் அமைக்கப்பட்ட முதலாவது சுரங்கவீதி அதுவேயாகும்.

வார்டோ, வாட்சோ, போட்ஸ்பியோர்ட், ஹொனிங்ஸ்வோக், ஹமர்பெஸ்ட்: எண்பதுகளின் பிற்பகுதியில் இந்நாட்டுக்கு வந்த தமிழர்களுக்கு இப்பெயர்கள் புதியனவல்ல. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த இளைஞர்கள் இவ்வடகடற் கரைகளின் மீன் பதனிடும் ஆலைகளிலே, இரண்டு மாதங்கள் சூரியன் தலைகாட்டாத குளிர்காலத்தில், கத்தியும் கையுமாக நின்று உழைத்தார்கள். அவ்வூதியத்தில்தான் ஊரில் எத்தனையோ சகோதரிகளின் திருமணங்கள் நடந்தேறின. கொழும்பில் எத்தனையோ குடும்பங்களின் வாடகையும் அதிலிருந்தே கட்டப்பட்டது. ஆயினும் அந்த ஊர்களைத் தங்கள் ஊர்களாக எண்ணியவர்கள் சிலரே. தொண்ணூறுகளில் பெரும்பாலானோர் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் பெயர்ந்து சென்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. பிள்ளைகளின் கல்வியும் உறவுகளின் அண்மையும் தமிழ்ப் பாடசாலையும் அவர்களை அழைத்தன.

நம்மவர் மட்டும் வெளியேறவில்லை. 1989இல் கொட் மீனின் வளம் வீழ்ச்சியுற்று, பிடிக்கக்கூடிய அளவு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதும் அக்கரை முழுவதும் அதிர்ந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. இளைஞர்கள் தெற்கு நோக்கிச் சென்றார்கள். இன்று வார்டோவில் வாழ்வோர் இரண்டாயிரத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் இத்தொகை ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

இங்கேதான் உள்ளூராட்சியின் சிக்கல் தொடங்குகின்றது. ஒரு கொம்மூனவின் வருமானத்தில் பெரும்பங்கு, மக்கள் செலுத்தும் வருமானவரியின் ஒரு பகுதியிலிருந்தும் அரசு வழங்கும் பொதுமானியத்திலிருந்தும் கிடைக்கின்றது. இரண்டுமே குடித்தொகையைச் சார்ந்தவை. ஆட்கள் குறையக் குறைய வருமானம் குறையும். ஆனால், தண்ணீர்க் குழாயின் நீளம் குறையாது. வீதியின் நீளமும் குறையாது. முதியோர் எண்ணிக்கையோ கூடும், ஏனெனில் வெளியேறுவோர் இளையோர். வகுப்பில் ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் ஓர் ஆசிரியர் வேண்டும். இருபது பிள்ளைகளுக்கும் அதே ஓர் ஆசிரியர்தான். எனவே ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை மார்கழியில் வரவுசெலவுத்திட்டம் மன்றுக்கு வரும்போது எதை வெட்டுவது என்ற கேள்வி எழுகின்றது. வீட்டுக்குரிய ஆதனவரியை விதிக்கலாம். விதிப்பதா இல்லையா என்பது மன்றத்தின் விருப்பம்; விதித்தாலும் வரி மதிப்பில் ஆயிரத்துக்கு நான்கு என்ற உச்சவரம்பைத் தாண்ட முடியாது. தண்ணீர், கழிவுநீர் ஆகியவற்றுக்கான கட்டணத்திலும் இலாபம் ஈட்ட இயலாது. அதற்கான செலவை மட்டுமே அறவிடலாம். ஆகவே வெட்டு விழும் இடங்கள் பெரும்பாலும் பாடசாலையும் முதியோர் பராமரிப்பும் நூலகமுமே.

வார்டோ மக்கள் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012இல் பல நாட்டு ஓவியர்கள் அங்கு வந்து, கைவிடப்பட்டுக் கிடந்த வீடுகளின் சுவர்களில் வண்ணம் தீட்டினார்கள். அதையடுத்துப் பழைய கட்டடங்களைத் திருத்தியமைக்கும் திட்டமொன்றும் செயற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு அப்பிரதேசத்திற் கொல்லப்பட்ட 91 பேரின் நினைவாக ஸ்ரெயில்னெஸ் என்ற இடத்தில் நினைவாலயமொன்று திறக்கப்பட்டது. அயலிலுள்ள ஹோர்னோயா தீவின் கடற்பறவைகளைக் காணவும் வெளிநாட்டார் வருகின்றனர். சுவரோவியத்தால் ஓர் ஊர் பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். பிழைக்காதுதான். கூரை ஒழுகும் வீட்டுக்கு ஓவியம் மருந்தல்ல. ஆலையில் ஒரு வேலை செய்யும் நன்மையை ஓவியம் செய்யாது. எனினும் இடிந்து விழட்டும் என்று விடப்பட்ட வீட்டை ஒருவர் நின்று பார்க்கிறாரென்றால், அதன் உரிமையாளருக்கும் அதைத் திருத்தும் எண்ணம் பிறக்க இடமுண்டு. நாம் அறிந்தவரை ஊர் முன்னேற்றம் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு வெட்கங்களினால் நடப்பதேயாகும்.

இனி இம்மன்றத்தின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1837ஆம் ஆண்டுச் சட்டங்களுடன் தொடங்கிய உள்ளூராட்சி இது. இன்று நாடு முழுவதும் 357 கொம்மூனகள் உள்ளன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறும். கடந்த தேர்தல் 2023இல் நடந்தது. அடுத்தது 2027 புரட்டாதியில் வரவேண்டும். ஐயாயிரத்துக்கு மேற்படாத குடிகளைக் கொண்ட ஊரிலும் மன்றத்தில் குறைந்தது 11 உறுப்பினர் இருக்க வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க நோர்வேக் குடியுரிமை வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலுக்கு அது தேவையில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக இந்நாட்டில் பதிவுசெய்யப்பட்டு வாழும் பிறநாட்டவரும் வாக்களிக்கலாம்; வேட்பாளராகவும் நிற்கலாம். 1983இலேயே இவ்வுரிமை வந்துவிட்டது. அதாவது, நம்மவரிற் பெரும்பான்மையோர் இங்கு வந்திறங்குவதற்கு முன்னரே கதவு திறந்திருந்தது.

2023 தேர்தலில் வாக்களித்தோர் வீதம் நூற்றுக்கு 62ஐச் சற்றே தாண்டியது. பிறநாட்டுக் குடியுரிமையோடு வாழ்வோரின் வீதம் வழமைபோல இதைவிட மிகக் குறைவு. சிறு ஊரொன்றில் இதன் பொருள் என்ன? சில பத்து வாக்குகளால் ஓர் ஆசனம் கைமாறும். மேலும், இத்தேர்தலில் வாக்காளர் தாம் தெரிவுசெய்யும் பட்டியலிலுள்ள எவருக்கும் தனிப்பட்ட விருப்புவாக்கு அளிக்கலாம். வேறு பட்டியலிலுள்ள ஒருவரின் பெயரையும் தம் வாக்குச்சீட்டில் சேர்க்கலாம். மூன்று வயதில் பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து இந்நாட்டுக்கு வந்த கம்சாயினி குணரத்தினம் 2007இல் பத்தொன்பது வயதில் ஒஸ்லோ மாநகரசபைக்குத் தெரிவானதும், 2015இல் பிரதி நகரபிதாவானதும், 2021இல் நாடாளுமன்றம் சென்றதும் வாசகர்கள் அறிந்தவையே. அவருடைய பாதையும் உள்ளூராட்சி மன்றத்திலிருந்தே தொடங்கியது.

"எனக்கு வேலைநேரம் ஒத்துவராது" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சமாதானம். மன்ற உறுப்பினருக்குக் கூட்டத்துக்குச் செல்ல வேலையிலிருந்து விடுப்புப் பெறும் உரிமை சட்டத்தில் உண்டு. இழந்த ஊதியத்துக்கு ஈடும் உண்டு. இன்னொரு வேடிக்கையையும் சொல்லலாம். தெரிவானவர் பின்னர் கையை விரித்துவிட்டு வீட்டில் இருந்துவிட முடியாது. பதவியை வகிப்பது உரிமை மட்டுமன்றிக் கடமையுமாகும். விலகுவதானால் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும்.

நம்மவரின் மௌனத்துக்கு நியாயமான காரணமொன்று உண்டென்பதையும் மறுப்பதற்கில்லை. 1983 வைகாசிக்குப் பின்னர் 1998 தை வரை யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. நடந்த பின்னரும் என்ன நேர்ந்தது? மாநகர முதல்வராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் அதே ஆண்டு வைகாசியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரையடுத்து வந்த பொன். சிவபாலன் புரட்டாதியில் குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். ஊர்மன்றத்தில் ஆசனம் ஏற்பது உயிரோடு விளையாடுவது என்று கண்ட தலைமுறை, இங்கேயும் ஒதுங்கி நிற்பதில் வியப்பில்லை.

ஆயினும் ஊர்ப்பணி நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு சனசமூக நிலையத்தை நிறுவி, பத்திரிகை வாங்கிப் போட்டு, சிரமதானம் வைத்துக் கிணற்றையும் குளத்தையும் துப்புரவாக்கிய மக்கள் நாம். நோர்வேஜியர் 'டுக்னாட்' என்று பெருமையுடன் அழைப்பது நமது சிரமதானமேயன்றி வேறன்று. இளவேனிலில் அயலவர் அனைவரும் முற்றத்தைக் கூட்டவும் விளையாட்டுக் கழகத்தின் சுவருக்கு வண்ணம் பூசவும் கூடுவார்கள். பின்னர் கோப்பியும் அப்பமும் உண்பார்கள். அன்றைய பேச்சில்தான் அடுத்த மன்றக் கூட்டத்தின் விடயங்கள் பாதி தீர்மானமாகின்றன. அதற்குப் போகாதவருக்கு ஊரின் செய்தி பத்திரிகையில் வந்த பின்னரே தெரியவரும்.

இதைவிட நெஞ்சை உறுத்தும் விடயமொன்று உண்டு. புலம்பெயர் நாடெங்கும் நமது ஊர்ச்சங்கங்கள் இயங்குகின்றன. பிறந்த ஊரின் பாடசாலைக் கூரைக்குப் பணம் சேர்க்கின்றோம். நூலகத்துக்குப் புத்தகம் அனுப்புகின்றோம். நல்ல பணி, தொடரட்டும். ஆனால், நம் பிள்ளை நாள்தோறும் சென்று அமரும் இங்குள்ள பாடசாலை மூடப்படப் போகின்றது என்ற அறிவித்தல் வரும்போது, கருத்துக் கூறுங்கள் என்று கொம்மூன கேட்கும்போது, தமிழ்ப் பெற்றோரிடமிருந்து ஒரு கடிதமேனும் போகின்றதா? பாடசாலையின் பெற்றோர் செயற்குழுவில் நம்மவர் எத்தனைபேர்? வார இறுதியில் தமிழ் வகுப்பு நடக்கும் கட்டடமும் பல இடங்களில் கொம்மூனவுக்குச் சொந்தமானதே. அதன் வாடகையைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே மன்றத்தின் கையில்தான் இருக்கின்றது.

அகதிகள் விடயத்தையும் இங்கு நினைவுபடுத்த வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை அகதிகளைக் குடியமர்த்தலாம் என்று அரசு கேட்கும். ஏற்பதா, எத்தனைபேரை ஏற்பது என்பதை அவ்வவ்வூர் மன்றமே வாக்கெடுத்துத் தீர்மானிக்கும். நம்மில் பலர் முதன்முதலில் ஒரு நோர்வே ஊரின் வீட்டுத் திறப்பைக் கையிற் பெற்றது, முகந்தெரியாத ஒரு மீனவரோ ஆசிரியையோ மன்றில் கையுயர்த்தியதனாலேயாகும். இன்று உக்ரைனிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வருவோருக்காக அதே கேள்வி அதே மண்டபங்களில் எழுகின்றது. அங்கு நம் குரல் இல்லாதிருப்பது அழகன்று.

செய்யக்கூடியவை சில. மன்றக் கூட்டங்கள் அனைவருக்கும் திறந்தவை. பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். வரவுசெலவுத்திட்ட முன்மொழிவு, மன்றம் அதைத் தீர்மானிப்பதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும். நூறு பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். செலவுக்குறைப்பு நடவடிக்கைகளின் பட்டியலை மட்டும் தேடிப் படியுங்கள்; மொழி கடினமென்றால் இங்கு படித்த பிள்ளைகளை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். மன்றத்துக்கு வந்த கடிதங்களையும் ஆவணங்களையும் காரணம் கூறாமலே கேட்டுப் பெறலாம். தனிநபர் இரகசியங்கள் போன்ற சில மட்டும் விலக்கு.

எல்லாவற்றிலும் பயனுள்ளதும் நம்மவர் மிகக் குறைவாக அறிந்ததும் குடிமக்கள் முன்மொழிவு என்ற ஏற்பாடாகும். ஊரில் வாழ்வோரில் நூற்றுக்கு இருவர் கையொப்பமிட்டால், அவ்விடயத்தை மன்றம் எடுத்து ஆறு மாதங்களுக்குள் ஒரு முடிவு சொல்லியே ஆகவேண்டும். பேரூர்களில் 300 கையொப்பம் இருந்தாற் போதும். கையொப்பமிடுபவருக்கு வாக்குரிமையும் இருக்கவேண்டியதில்லை. ஊரில் வாழ்பவராயிருந்தாற் போதுமானது. இரண்டாயிரம் பேர் வாழும் பட்டினத்தில் இது நாற்பது கையொப்பம். தைப்பொங்கல் விழாவொன்றில் ஒரு மேசையைப் போட்டு ஒருவர் அமர்ந்தால் மாலைக்குள் சேர்ந்துவிடும் தொகை. கோரிக்கையைத் தெளிவாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: பாடசாலைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்குக் கம்பம், முதியோர் இல்லத்தில் தமிழ் பேசும் ஒரு பராமரிப்பாளர், நூலகத்தில் ஓர் இறாக்கை தமிழ்ப் புத்தகம். அது கொம்மூனவின் பொறுப்புக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். நிராகரிக்கப்பட்ட ஒன்றையே அடுத்தடுத்துக் கொண்டுசெல்ல இயலாது என்பதால், சொற்களைப் பார்த்து எழுதுவது நல்லது.