இரவல் கோடரியும் மாணவர் உரிமமும்



திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைப்பாதையிலுள்ள கல்லாற்றிலிருந்து ஒரு தகப்பனார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் கட்டட வரைபடத்தில் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறார். மாலை வேளைகளில் தம் அறையிலிருந்தே வீட்டு வரைபடங்கள் வரைந்துகொடுத்து, தங்கையின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறார். படிக்கும் காலத்தில் பெற்ற ஆட்டோகேட் மாணவர் உரிமம் இன்னும் சில மாதங்கள் செல்லுமாம். அது தீரும்வரை அதிலேயே சம்பாதிக்கலாமா, அல்லது அதையே கொஞ்சம் பணம் கட்டி அப்கிரேடு செய்துகொள்ள வழியுண்டா என்பது தகப்பனாரின் கேள்வி. "திருடவில்லையே, கம்பெனிதானே கொடுத்தது" என்று சபையில் சிலர் சொல்லுகிறார்களாம்.

இதெல்லாம் ஒரு காரியமா என்று நகைக்காதிருங்கள். பிழைப்புத்தேடி நகரத்துக்கு வந்த நம்முடைய பிள்ளைகளில் எத்தனைபேர் பிளெக்ஸ் கடையிலும் அச்சகத்திலும் கட்டட அலுவலகத்திலும் கணினியின் முன் அமர்ந்து தங்கள் அப்பத்தைப் புசிக்கிறார்கள்!

ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்குமுள்ள மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தன் மென்பொருட்களை இலவசமாகத் திறந்துகொடுத்தது. விலை இல்லை, ஆனால் நிபந்தனை உண்டு. கற்பதற்கும் கற்பிப்பதற்கும் மாத்திரமே அது. கூலி வாங்கிச் செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்தலாகாது. படிப்பு முடிந்தபோதே தகுதியும் முடிந்துவிடுகிறது. கணினியில் தேதி மீதியிருப்பதால் அனுமதியும் மீதியிருக்கிறது என்று எண்ணலாகாது. வேறு சில நிறுவனங்கள் மாணவர் பதிப்பைக்கொண்டு சம்பாதிக்க இடங்கொடுத்ததும் உண்டு. ஆகையால் அவரவர் உரிம விதியை வாசித்தே அறியவேண்டும்.

2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்து வாசியுங்கள். அங்கே இருப்பவர்களும் மாணவர்களே. எலிசாவிடம் பயிலுகிற தீர்க்கதரிசிகளின் புத்திரர். அவர்கள் செய்வதும் கட்டட வேலையே. மரம் வெட்டுகையில் ஒருவனுடைய கோடரி யோர்தானில் விழுந்துவிடுகிறது. வேலை நின்றுவிட்டதே என்று அவன் கூப்பிடவில்லை. அது இரவல் பொருள் என்பதே அவனை வாதித்தது. கோடரி அவன் கையில் இருந்தபோதும் அது தன்னுடையதல்ல என்பதை அவன் மறந்திருக்கவில்லை. இரவல் கொடுத்தவன் ஒரு நோக்கத்தோடு கொடுக்கிறான். அந்த நோக்கமும் பொருளோடு சேர்ந்ததுதான். கற்றுக்கொள் என்று கொடுத்த கோடரியால் விறகு வெட்டி விற்றால், கொடுத்தவன் அதற்குச் சம்மதித்தான் என்று எப்படிச் சொல்லுவோம்? அந்தப் பணத்தில் தசமபாகம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றும் ஒருவர் சொல்லக் கேட்டேன். அது வேதத்தில் எங்கும் இல்லை.

இன்னொரு காரியமும் உண்டு. பழைய பதிப்புகளில், மாணவர் உரிமத்தில் வரைந்த படத்தை அச்சிட்டால், கல்விப் பதிப்பில் வரைந்தது என்ற வரி தாளின் நான்கு ஓரங்களிலும் விழும். அந்தப் படத்தின் ஒரு துண்டை அலுவலகப் படத்தில் ஒட்டினால் அந்த அடையாளம் அதிலும் ஏறிக்கொள்ளும். கொஞ்சம் புளித்தமா பிசைந்த மா முழுவதிலும் பரவுவதுபோல. முதலாளிகள் இதனால் திகைத்த நாட்கள் உண்டு.

அப்கிரேடு ஒருகாலத்தில் நல்ல வழியாயிருந்தது. முழு விலை கொடுத்து வாங்கிய பழைய பதிப்பு உள்ளவர், ஒரு பங்கு விலை கொடுத்துப் புதியதைப் பெறலாம்.  அந்த வாசலும் இப்போது அடைபட்டுவிட்டது. அடோபி நிறுவனம் 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு அந்த வரிசையை நிறுத்தி, 2013-இல் சந்தா முறைக்கு மாறியது. ஆட்டோடெஸ்க் 2015 தொடக்கத்தில் பழைய பதிப்புகளுக்கு அப்கிரேடு விற்பதை நிறுத்தி, 2016 ஜனவரியோடு ஆட்டோகேட் போன்ற தனி மென்பொருட்களின் நிரந்தர உரிம விற்பனையையும் முடித்துக்கொண்டது. ஆகவே இன்று மலிவு விலையில் அப்கிரேடு என்று யாரேனும் ஒரு சிடியை நீட்டினால், அது என்னவென்று அறிந்துகொள்ளுங்கள். திருட்டுப் பிரதி என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துகிறவருக்கு, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு, ஏழு நாள் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாயத்துக்காக அல்லாவிட்டால் சிறை தவிர்க்கப்படலாம். அபராதம் அப்போதும் விதிக்கப்படலாம்.

அப்படியானால் தம்பி என்ன செய்வார்? தங்கையின் கட்டணம் காத்திராது. சந்தாவை மாதக்கணக்கிலும் வாங்கலாம். தட்டை வரைபடங்களுக்கு விலை குறைந்த ஆட்டோகேட் எல்டி போதும். வேலை வந்த மாதத்தில் மட்டும் வாங்கி, அந்தச் செலவை வரைபடக் கூலியோடு வெளிப்படையாகச் சேர்க்கலாம். லிப்ரேகேட், ஃப்ரீகேட் ஆகியவை இலவசம், சம்பாதிக்கவும் தடையில்லை. ஒரு குறையை மறைக்கமாட்டேன்: பொறியாளர் டி.டபிள்யூ.ஜி. கோப்பு கேட்டால் லிப்ரேகேட் கைகொடுக்காது. கூலி பேசுமுன் எந்தக் கோப்பு வேண்டுமென்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

கட்டற்ற மென்பொருள் கேரளத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. அம்மாநில அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில் கிம்ப், இங்க்ஸ்கேப் கற்று வளருகிறார்கள். 2019-இல் ஜனயுகம் என்னும் மலையாள நாளேடு பேஜ்மேக்கரை விட்டு, பக்க வடிவமைப்பு முழுவதையும் ஸ்கிரைபஸுக்கு மாற்றியது. அது எந்தக் கட்சியின் ஏடு என்பது நமக்கு இங்கே பொருட்டல்ல. நாள்தோறும் வெளிவரும் செய்தித்தாளுக்குக் கூடுமானால், நம்முடைய சுவிசேஷக் கைப்பிரதிக்கும் கூடும். தமிழ் எழுத்தைச் சரியாகக் கோப்பதற்கு 1.5 வரிசையோ, 2024-இல் வந்த 1.6 பதிப்போ வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடல்களை யூனிகோடுக்கு மாற்றுவது பிரயாசமான வேலை. வாலிபர் கூட்டத்தார் அதைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

போதகர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு பள்ளி நடத்துகிறோமே, விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோமே என்று சபைக் கணினியில் கல்வி உரிமத்தை ஏற்றலாகாது. கல்வி நிலையம் என்று ஆட்டோடெஸ்க் குறிப்பிடுவது அரசு அங்கீகாரம் பெற்று முறையாக மாணவர்களைச் சேர்க்கும் நிலையத்தையே. ஊழியத்துக்குத்தானே என்ற சொல்லும் உரிமமாகாது. உங்கள் சபைக் கணினியில் என்னென்ன மென்பொருள் உண்டு, யாருடைய பெயரில், எந்த உரிமத்தில் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த மூப்பர் கூட்டத்தில் வாசியுங்கள்.