அம்மாவுக்கு மதுரையைக் காட்டப் போனேன்



வயதான தாய் தந்தையரை ஒருமுறையாவது தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. பணம் சேர்த்துப் பயணம் புறப்படும் பிள்ளைகளுக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். நான் செய்த பிழையை நீங்களும் செய்ய வேண்டாமே!

என் தாயார் லெம்பா பெர்த்தாமில் பிறந்து வளர்ந்தவர். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த மலைக்கு வந்தார். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்வதற்கு முந்திய காலம் அது. "மதுரைப் பக்கம்" என்பதைத் தவிர ஊர்ப் பெயரை அவர் சொல்லி வைக்கவில்லை. அம்மா எழுபது வயதைத் தாண்டிய பிறகு, சென்ற மே மாதப் பள்ளி விடுமுறையில் அவரை அழைத்துக்கொண்டு திருச்சியில் விமானம் இறங்கி மதுரை சேர்ந்தேன்.

நம் மலையில் இரவில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா பழக்க தோஷத்தில் கம்பளிச் சட்டையையும் பையில் வைத்திருந்தார். மதுரையிலோ அக்கினி நட்சத்திரம்! வெயில் 38 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். காலையில் மீனாட்சியம்மன் கோயில், மதியம் 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால், மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளம். ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிட வேண்டும் என்று என் எண்ணம்.

கோயிலுக்குள் போகும்போதே மணி பத்தாகிவிட்டது. செருப்பையும் கைத்தொலைபேசியையும் வெளியே கொடுத்துவிட்டு நுழைந்தோம். 170 அடி உயரத் தெற்குக் கோபுரத்தை அம்மா அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள்தாம் உள்ளன என்று நான் விளக்கம் சொல்ல, அவர் பேசாமல் தலையசைத்தார். ஆடி வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடந்தபோது அவர் கால் மாற்றி மாற்றி வைத்ததைக் கண்டும், "சீக்கிரம் வாங்கம்மா" என்றுதான் என் வாயில் வந்தது.

பகல் 12.30க்கு நடை சாத்தினார்கள். இனி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். மகாலுக்கு நடந்தே போய்விடலாம் என்று புறப்பட்டேன். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். "வேணாம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். தெற்கு ஆவணி மூல வீதியில் அவர் கை என் தோளைப் பிடித்தது. முகம் வெளுத்து, நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது.

கடையோரத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "இங்கிட்டு நெழல்ல உக்காருங்கத்தா!" என்று எழுந்து ஓடி வந்தார். தம் முக்காலியைக் கொடுத்தார். ஈரத் துணியால் கழுத்தையும் கையையும் துடைத்துவிட்டார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பிறகு மெதுவாக, "ஒண்ணுக்குப் போக எடமில்லன்னு தண்ணி குடிக்காமயே வர்றீகளா?" என்று கேட்டார்.

அம்மா தலைகுனிந்து, "ஆமா" என்றார். விடிந்ததிலிருந்து ஒரு குவளைத் தேநீர்தான் குடித்திருக்கிறார். பெற்ற மகள் எனக்குத் தோன்றாதது, நாளெல்லாம் தெருவில் உட்கார்ந்து பிழைக்கும் அந்தத் தாய்க்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது அதற்காக அல்ல. "இங்கிட்டுன்னு சொன்னாங்க கேட்டியா? எங்கப்பா இப்படித்தான் பேசுவாரு. அவரு போனதுக்கப்புறம் யார் வாயிலயும் நான் அதைக் கேட்டதில்ல" என்றார்.

வாசகர்களே, நான் காட்ட நினைத்தது கோபுரம். அவர் தேடி வந்தது அந்தச் சொல்.

இனி, பயணம் புறப்படுவோர் மனத்தில் வைக்க வேண்டிய சில செய்திகள். குளிர் மலையில் இருந்த உடம்பு கடும் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. இரத்த அழுத்தத்திற்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து, கரைத்து எடுத்துப் போகலாம். நீரிழிவு உள்ளவர்கள் இதற்கும் மருத்துவரைக் கேட்பது நல்லது. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழல். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனை. தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு எண் 108.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஓர் இடத்துக்குப் போனதும் கழிவறை எங்கே என்று பார்த்து, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். விடியற்காலையில் ஓர் இடம், பகலெல்லாம் விடுதியில் ஓய்வு, வெயில் தாழ்ந்தபின் ஒரு நடை. இராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஏழைகளைப் பார்த்து மனமிரங்கி, 1921 செப்டம்பரில் இதே மதுரையில்தான் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார் என்றேன். "ஏழைக்காகவும் சரி, இந்த வெயிலுக்கும் சரி, நல்ல முடிவுதான்" என்றார் அம்மா! அன்றுதான் அவர் பழையபடி சிரித்தார்.

தினமும் மாலையில் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்காருவோம். அங்கிட்டு, இங்கிட்டு என்று சுற்றிலும் பேச்சு. அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் கடைக்காரரிடம், "இது எந்த மலைக் கொழுந்து?" என்று விசாரித்தார். "நீலகிரிங்கத்தா" என்றார் அவர். அம்மா இன்னொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "சாயம் இருக்கு. வாசம் நம்ம பெர்த்தாம் மாதிரி வராது" என்று என் காதில் சொன்னார். குவளையை மட்டும் காலியாக்காமல் வைக்கவில்லை.

நாயக்கர் மகாலை நாங்கள் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஊருக்குப் புறப்படும் நாளில் அந்தப் பூக்கார அம்மாளைத் தேடிப்போய், பையில் சும்மா கிடந்த கம்பளிச் சட்டையை அவர் கையில் கொடுத்தார். "மார்கழிக்கு ஆகும்" என்றார்.

உங்கள் பெற்றோரை அழைத்துப் போங்கள், வாசகர்களே. ஆனால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர்கள் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.