மீண்டும் பென்சிலின் உற்பத்தி: உயிர்வேதிப் பொறியியல் கல்வி ஈடுகொடுக்குமா?

புதுடெல்லி: ஆந்திர மாநிலம் காக்கிநாடாவில் அமைக்கப்பட்ட ஆலையில் 2024-ஆம் ஆண்டு பென்சிலின்-ஜி உற்பத்தி தொடங்கியதை அடுத்து, நீண்ட இடைவெளிக்குப் பின் இந்தியா அந்த மருந்து மூலப்பொருளை மீண்டும் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியுள்ளது. ஆனால், இத்தகைய ஆலைகளை இயக்கத் தேவையான பொறியாளர்களை நாட்டின் கல்வி நிறுவனங்கள் போதிய அளவில் உருவாக்குகின்றனவா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இந்தியாவுக்கு இத்தொழில் புதிதன்று. புனே அருகே பிம்ப்ரியில் உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் 1954-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பென்சிலின் தயாரித்து வந்தது. பிற்காலத்தில் சீனாவிலிருந்து குறைந்த விலையில் மூலப்பொருட்கள் இறக்குமதியானதால் உள்நாட்டு ஆலைகள் போட்டியிட இயலாமல் உற்பத்தியைக் கைவிட்டன. ஆலைகளோடு அனுபவ அறிவின் தொடர்ச்சியும் அறுபட்டது.

இறக்குமதிச் சார்பைக் குறைக்க, 2020-இல் ரூ.6,940 கோடி மதிப்பிலான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. ரசாயன முறையில் தயாராகும் பொருட்களுக்கு 10 சதவீதமும், நொதித்தல் முறையில் தயாராகும் பொருட்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் 20 சதவீதமும் ஊக்கத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. நொதித்தல் தொழிலை மீட்டெடுப்பது கூடுதல் கடினமானது என்பதை இந்த வேறுபாடே உணர்த்துகிறது.

குடுவையிலிருந்து கலனுக்கு

ஆய்வகக் குடுவையில் வளரும் பூஞ்சை, ஆலையின் பெருங்கலனிலும் அவ்வாறே வளர்வதில்லை. ஒரு கலனை அதே வடிவில் உயரத்திலும் விட்டத்திலும் பத்து மடங்கு பெரிதாக்கினால், கொள்ளளவு 1,000 மடங்காகிறது. வெப்பம் வெளியேறும் புறப்பரப்போ 100 மடங்கு மட்டுமே உயர்கிறது. சாதாரண வெப்பநிலையில் காற்றிலிருந்து ஒரு லிட்டர் நீரில் கரையும் ஆக்சிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான். பூஞ்சை அடர்ந்து கலவை கெட்டியாகும்போது அந்த ஆக்சிஜனும் எங்கும் சீராகப் பரவுவதில்லை. அயல் கிருமி புகுந்தால் பல நாள் உழைப்பும் வீணாகிவிடும்.

வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கம், பொருள் கடத்தல் ஆகியவை வேதிப் பொறியியலின் பாடங்கள். நுண்ணுயிரின் இயல்பை உயிரியல் கற்பிக்கிறது. இவ்விரண்டையும் இணைப்பதே உயிர்வேதிப் பொறியியல்.

இடையில் நிற்கும் மாணவர்

வேதிப் பொறியியல் கல்விக்கு இந்தியாவில் நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. பின்னாளில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக வளர்ந்த கொல்கத்தா நிறுவனத்தில் 1921-இல் இப்படிப்பு தொடங்கியது. மும்பையின் ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் 1933-இல் உருவானது. உயிர்வேதிப் பொறியியலுக்கோ டெல்லி ஐ.ஐ.டி., வாராணசி ஐ.ஐ.டி. உள்ளிட்ட சில நிறுவனங்களில் மட்டுமே தனி அடையாளம் உள்ளது.

'கேட்' தேர்வில் வேதிப் பொறியியலுக்கும் உயிரித் தொழில்நுட்பத்திற்கும் தனித்தனித் தாள்கள் உள்ளன. உயிர்வேதிப் பொறியியலுக்குத் தனித் தாள் இல்லை. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பில் வேதிப் பொறியியலுக்குக் கிடைக்கும் இடம் உயிரித் தொழில்நுட்பத்திற்குக் கிடைப்பது அரிது. எனவே, வேலைவாய்ப்பைக் கருதும் மாணவர்கள் இப்பிரிவைத் தேர்வு செய்யத் தயங்குவது இயல்பே.

இத்தனைக்கும் எண்ணெய்த் துறையே நொதித்தலை நோக்கி நகர்ந்து வருகிறது. நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் தயாரிக்கும் இந்தியன் ஆயில் ஆலை 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிபட்டில் திறக்கப்பட்டது. உயிரி உற்பத்தியை ஊக்குவிக்கும் 'பயோ-இ3' கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது.

கலன்களை விலை கொடுத்து வாங்கிவிடலாம்; அவற்றை இயக்கும் திறன் பயிற்சியால் மட்டுமே வரும். வேதிப் பொறியியல் மாணவர்களுக்கு நுண்ணுயிரியலும், உயிரித் தொழில்நுட்ப மாணவர்களுக்கு வெப்பப் பரிமாற்றக் கணக்குகளும், இரு தரப்பினருக்கும் முன்னோட்ட ஆலையில் நேரடிப் பயிற்சியும் அளிப்பது இனியும் தள்ளிப்போடக் கூடியதன்று. ஊக்கத்தொகைக்குக் கால வரம்பு உண்டு. அது முடியும்போது உலகச் சந்தையின் விலைப் போட்டியை இந்த ஆலைகள் தாங்குமா என்பதை, இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர்களின் திறனும் தீர்மானிக்கும்.